அப்பா விரல் தூக்கியிருந்த நேரம்

உங்களில் யாராவது பழைய கேசட்டுகளை இன்னும் வைத்திருந்தால், தயவுசெய்து அவற்றை வெயிலில் காய வைக்காதீர்கள். பூஞ்சை பிடித்திருக்கிறதே என்று துணியை நனைத்துத் துடைக்கவும் வேண்டாம். நாடா வளைந்துவிடும், வளைந்த நாடா பிறகு எதற்கும் ஆகாது. காற்றுப் புகாத டப்பாவில், ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களோடு ஒரு வாரம் போட்டு வைத்துவிட்டு அப்புறம்தான் கை வைக்க வேண்டும். இதைச் சொன்னால் என் வயதுக்காரர்கள் சிரிக்கிறார்கள். அந்தப் பாட்டெல்லாம் கைப்பேசியிலேயே கிடைக்கிறதே, இதற்கு ஏன் இவ்வளவு பாடு என்கிறார்கள். கிடைக்கிறது. எனக்கும் தெரியும்.

ஈப்போவில் நான் இருக்கும் அடுக்கு வீட்டில் ஓர் அறை முழுக்க இந்தச் சாமான்கள்தான். கேசட் ஓட்டும் பெட்டிகள் மூன்று; அவற்றில் ஓடுவது ஒன்று, மற்ற இரண்டும் உதிரிப் பாகங்களுக்கு. உள்ளே சக்கரத்தைச் சுற்றும் ரப்பர் வார் நம் ஊர்ச் சூட்டில் உருகிப் பிசினாகிவிடுகிறது. கித்தா என்று நாங்கள் சொல்லும் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவன் அறுபத்தைந்து வயதில் மறுபடி விரலில் ரப்பர் ஒட்டிக்கொண்டு நிற்கிறேன். மனைவி இருந்தவரை அந்த அறையில் துணி காய்ந்தது. இப்போது காயவைக்க அவ்வளவு துணி இல்லை.

போன வருடக் கடைசியில் பாகான் செராயிலிருந்து தங்கச்சி போன் செய்தாள். அவள் என்னைவிடப் பத்து வயது இளையவள். அவளுடைய பேத்தி பேசத் தொடங்கியிருந்தாள்.

“அண்ணே, இங்க பெரிய சண்டை. பாப்பா கொரலு எங்க மாமியா கொரலாம், வீட்டுல எல்லாரும் சொல்றாங்க. எனக்குப் பத்திக்கிட்டு வருது. நம்ம அம்மா கொரலு எப்படிண்ணே இருக்கும்?”

கையில் இருந்த திருப்புளியைக் கீழே வைத்தேன்.

“நல்லா இருக்கும்,” என்றேன்.

“நல்லான்னா? சன்னமா, கனமா?”

“நடுத்தரமா இருக்கும்.”

“சட்டை சைசாண்ணே கேக்குறேன்?”

சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, “ஒங்களுக்குப் பத்து வருசம் அம்மா இருந்தாங்க. எனக்குத்தான் ஒண்ணும் இல்ல. கொரலாச்சும் சொல்லுங்கலா,” என்றாள்.

அம்மா போனபோது அவளுக்கு ஒன்றரை வயதுகூட ஆகவில்லை. அவளிடம் அம்மாவின் படங்கள் இரண்டு இருக்கின்றன. இரண்டிலும் அம்மா வாயை இறுக மூடிக்கொண்டு கேமராவை முறைக்கிறாள்.

“அப்பா பதிஞ்ச கேசட்டு எங்கிட்ட இருக்கு. கேட்டுட்டுச் சொல்றேன்.”

“அதுல அம்மா இருக்காங்களா?”

“இருப்பாங்க.”

எதையும் எண்ணிப் பார்த்துவிட்டுப் பேசுகிற நான், எண்ணாமல் சொன்ன சொல் அது.

கோப்பெங் பக்கத்தில் இருந்தது எங்கள் தோட்டம். இப்போது அங்கே போனால் பாதி செம்பனை மரங்கள், பாதி தாமான் என்கிற புதுக் குடியிருப்பு வீடுகள். அப்பா தோட்டத்தில் பால் லோரி ஓட்டினார். அந்த லோரி எங்கே போனாலும் புளித்த கித்தாப்பால் வாடை முதலில் வரும், லோரி பிறகுதான் வரும். வாரம் ஒரு தடவை அவருக்கு ஈப்போவில் வேலை இருக்கும். அப்படி ஒருநாள் போனவர் திரும்பும்போது முன் இருக்கையில், துண்டில் சுற்றி, ஒரு கேசட் ரிக்கார்டரை உட்கார வைத்துக்கொண்டு வந்தார். தொழிலாளர் வீட்டு வரிசையான எங்கள் லயத்திலேயே அதுதான் முதல் ரிக்கார்டர். சாய்வான கறுப்புப் பெட்டி. பியானோக் கட்டைபோல ஐந்து பொத்தான்கள். பதிவதற்கு மட்டும் சிவப்பு. மேலே சிறு கண்ணாடிக்குள் மூன்று எண்கள் சுழலும். நாடா எவ்வளவு ஓடியிருக்கிறது என்று அது காட்டும்.

அந்த எண்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. பாட்டு எங்கே தொடங்கியது, எங்கே முடிந்தது என்று அப்பாவுக்கு உதட்டசைவில் சொல்ல வேண்டும். எனக்கு எதையும் எண்ணுகிற புத்தி அங்கிருந்துதான் பிடித்தது என்று நினைக்கிறேன். இன்றும் படி ஏறினால் எண்ணுகிறேன்.

இரண்டு பெட்டிகளைக் கம்பியால் இணைத்துப் பதியலாம் என்பது அப்பாவுக்குத் தெரியாது. எங்கள் ரேடியோவில் அதற்கான துளையும் இல்லை. ரேடியோவின் முன்னால் நாற்காலி போட்டு, அதன்மேல் மடித்த துண்டு, அதன்மேல் மைக். அவ்வளவுதான் ஏற்பாடு. ரேடியோவில் வரும் பாட்டு காற்றில் ஒரு முழம் நடந்துபோய் மைக்கில் ஏற வேண்டும். வழியில் வேறு எந்தச் சத்தம் வந்தாலும் அதுவும் சேர்ந்து ஏறிக்கொள்ளும். தோட்டத்து மின்சாரத்தில் ஓட்டினால் ‘ம்ம்ம்’ என்று ஓர் இரைச்சல் விழுகிறது என்று கண்டுபிடித்து, லோரியின் பழைய பேட்டரியைக் கட்டிலுக்கடியில் வைத்து அதில் ஓட்டினார். சேவலைக் கூடைக்குள் கவிழ்த்து, மேலே கோணிச் சாக்கைப் போட்டார். கடிகாரத்தை அடுத்த வீட்டில் கொடுத்துவைத்தார்.

அடுத்த வீடு என்றால் தள்ளி இல்லை. லயத்தில் இரண்டு வீட்டுக்கும் நடுவே நிற்கும் பலகைச் சுவர் கூரைவரை போகாது. மேலே திறந்த வெளி. அந்த வீட்டில் மீன் பொரித்தால் எங்கள் கண் எரியும். அங்கிருந்த பெரியம்மாவுக்குச் சுவருக்கு மேலாகவே பேசிப் பழக்கம்.

“ஏன் டிரைவரு, எனக்குத் தும்ம வருது. இப்பத் தும்மட்டா, இல்ல இந்தப் பாட்டு முடிஞ்சப்புறம் தும்மட்டா?”

“இப்பவே தும்மிடுங்கக்கா. இன்னும் ரெண்டு நிமிசம் இருக்கு.”

லயமே சிரித்தது. அப்பா சிரிக்கவில்லை. அவர் நிஜமாகத்தான் சொன்னார்.

பாட்டை அறிவித்ததும் அப்பா வலது கை ஆள்காட்டி விரலைத் தூக்குவார். தூக்கினால் பேச்சு நிற்க வேண்டும். நடை நிற்க வேண்டும். கரண்டி அப்படியே சட்டியில் நிற்க வேண்டும். பாட்டு முடிந்து விரல் இறங்கும்போதுதான் வீட்டுக்கு உயிர் வரும்.

அது கித்தாக் காய் வெடிக்கும் காலம். உங்களில் தோட்டத்தில் இருந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வெயில் ஏறினால் மரத்தின் உச்சியில் காய் ‘பட்’டென்று பிளக்கும். உள்ளே இருக்கும் கொட்டை தூரத்துக்குத் தெறிக்கும். புள்ளி புள்ளியாக, பளபளவென்று, கையில் வைத்துத் தேய்த்தால் சுடுகிற கொட்டை. அது தகரக் கூரையில் விழுந்தால் ‘டொக்’கென்று ஒரு சத்தம், பிறகு கரகரவென்று உருண்டு வந்து, வாய்க்காலில் விழும்போது இன்னொரு சத்தம். சேவலை மூடிய அப்பாவால் மரத்தை மூட முடியவில்லை. ஒவ்வொரு ‘டொக்’குக்கும் அவர் முகம் பல்வலிக்காரர் முகம்போலச் சுருங்கும்.

அம்மாவை எப்படிச் சொல்வது? அவள் பேசிக்கொண்டே இருப்பவள். கோழியோடு பேசுவாள், தீப் பிடிக்காத அடுப்போடு பேசுவாள், வீட்டில் யாரும் இல்லையென்றால் அரிசியில் இருக்கும் கல்லைத் திட்டுவாள். விரல் இறங்கியதும், “வாங்கடா, ஊமை நாடகம் முடிஞ்சிருச்சு, சோறு திங்கலாம்,” என்பாள். அப்பாவைப் பார்த்து, “பாட்டுக்காரரே, தட்டு வைக்கட்டா? இல்ல பாட்டே போதுமாலா?” என்பாள். அவள் சொன்னவை எனக்கு நினைவிருக்கின்றன. எழுதச் சொன்னால் இரண்டு பக்கம் எழுதுவேன். ஆனால் அவை இப்போது என் குரலில்தான் எனக்குள் கேட்கின்றன. எப்போது அப்படி மாறின என்று தெரியவில்லை.

தங்கச்சி அப்போது சில மாதக் கைக்குழந்தை. ரேடியோ சத்தத்தைக் கூட்டினாலே அழுவாள். முதல் வாரம் அம்மா அவளை மடியில் போட்டுக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்து பார்த்தாள். அப்பா வெகுநாளாகக் காத்திருந்த ஒரு பாட்டு வந்தது. பாதிப் பாட்டில் தங்கச்சி வீறிட்டாள். அம்மா அவளை ஆட்டிக்கொண்டு, “ஓ... ஓ... இல்லடா, இல்லடா,” என்றாள். விரல் தூக்கியபடியே அப்பா கண்ணை மூடிக்கொண்டார். மறுநாள் அதே இடத்துக்கு நாடாவைத் திருப்பி, அதன்மேல் வேறொரு பாட்டைப் பதிந்தார். எந்த எண்ணிலிருந்து எந்த எண்வரை என்று பார்த்துச் சொன்னவன் நான்.

அதற்குப் பிறகு அம்மா தானாகவே ஒரு வழக்கம் வைத்துக்கொண்டாள். அப்பா நாற்காலியை ரேடியோ முன்னால் இழுத்தாலே போதும். தங்கச்சியைத் தோளில் போட்டுக்கொண்டு, லயத்தின் கடைசியில் இருந்த தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய்விடுவாள். ரேடியோ நிகழ்ச்சி முடிந்த பிறகுதான் வருவாள்.

“பொண்டாட்டியத் தொரத்திட்டுப் பாட்டுப் புடிக்கிறாரு டிரைவரு,” என்று பெரியம்மா சுவருக்கு மேலே சொன்னார்.

“நான் எங்கக்கா தொரத்துனேன்? அவளுக்குக் காத்து வேணுமாம்.”

அப்பா அதை நம்பினார். அம்மாவுக்குப் பாட்டு பிடிக்காது என்று நான் நம்பினேன். உள்ளே இருக்கத் தகுதி உள்ளவர்கள் அப்பாவும் நானும் மட்டும்தான் என்று எனக்குள் ஒரு பெருமையும் இருந்தது.

ரேடியோவில் பிறந்தநாள் வாழ்த்து நிகழ்ச்சி உண்டு அல்லவா? ஒரு தபால் அட்டையில் சொந்தக்காரர், பக்கத்து வீட்டார் பெயரையெல்லாம் நெருக்கி எழுதி அனுப்புவோம். அறிவிப்பாளர் மூச்சு விடாமல் வாசித்துவிட்டுப் பாட்டுப் போடுவார். அம்மாவிடம் சொல்லாமல் அப்பா ஓர் அட்டை போட்டிருந்தார். என்னிடமும் சொல்லவில்லை. அன்று வழக்கம்போல நாற்காலியை இழுத்தார். அம்மாவும் வழக்கம்போலக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். போகாதே என்று சொல்ல அவருக்கு என்ன வெட்கமோ, சொல்லவில்லை. ஒருவேளை அன்றைக்கு வராது என்று நினைத்திருக்கலாம்.

வந்துவிட்டது. பெண் அறிவிப்பாளர் ஒருவர் எங்கள் தோட்டத்தின் பெயரைச் சொன்னார். பிறகு எங்கள் அம்மாவின் பெயரைச் சொன்னார். அப்பாவின் விரல் மேலே இருந்தது, பேச முடியாது. என்னைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்து முகவாயை வெட்டினார். எண்களை விட்டுவிட்டு ஓடினேன். வாசலெல்லாம் கித்தாக் கொட்டை. காலுக்கடியில் நொறுங்கியது.

“அம்மா! ஒங்க பேரு! ரேடியோவுல ஒங்க பேரு சொல்றாங்க!”

“எம் பேரா? எதுக்குடா? நான் என்னாத்தத் திருடினேன்?”

நாங்கள் வந்து சேர்வதற்குள் ஹுத்தான் மெலிந்தாங் ஊரில் இருந்த மாமாவரை எல்லாப் பெயரும் வாசித்து முடித்து, பாட்டு தொடங்கியிருந்தது. விரல் மேலே இருந்தது. வாசற்படியிலேயே நின்றோம். தங்கச்சி அதிசயமாக அழாமல் இருந்தாள்.

பாட்டு முடிந்ததும் அப்பா நாடாவைத் திருப்பி ஓட்டிக் காட்டினார். அம்மா பெட்டிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அவள் அதன் முன்னால் அப்படி உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

“அந்தம்மா எம் பேர என்னா அழகா சொல்லுது! நீங்க ஒரு நாளாச்சும் இப்படிக் கூப்பிட்டிருக்கீங்களா?”

“அதான் ஆள் வச்சுக் கூப்பிடுறேன்ல.”

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “இன்னொருக்கா போடுங்க,” என்றாள். போட்டார். “இன்னொருக்கா.” பெரியம்மா சுவருக்கு மேலே, “எம் பேரு இருக்கான்னு பாரு டிரைவரு,” என்றார். எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அந்த வீட்டில், அந்த இயந்திரத்துக்கு முன்னால், அவ்வளவு பேச்சு வேறெப்போதும் இருந்ததில்லை. ஆனால் அன்று இயந்திரம் பேசிக்கொண்டிருந்தது. கேட்டுக்கொண்டிருக்கவில்லை.

அடுத்த வருடம் இலை உதிரும் காலத்தில் அம்மாவுக்கு வயிற்று வலி வந்தது. நிற்கவில்லை. அப்பா பால் லோரியிலேயே ஈப்போ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அதே லோரியில்தான் அம்மா திரும்பி வந்தாள். காரியம் முடிந்ததும் பாகான் செராய்ச் சித்தி தங்கச்சியைத் தூக்கிக்கொண்டு போனார். கைக்குழந்தையை ஆம்பளை எப்படி வளர்ப்பான் என்றார். அப்பாவும் நானும் வீட்டில் மிஞ்சினோம். யாரும் விரல் தூக்கவில்லை. வீடு அமைதியாகவே இருந்தது. அப்பா அதற்குப் பிறகு ஒரு பாட்டும் பதியவில்லை. ரிக்கார்டரை வந்தபோது இருந்ததுபோலத் துண்டில் சுற்றி அலமாரிக்குமேல் வைத்தார். கேசட்டுகள் ஒரு பிஸ்கட் டின்னில். அவர் காலத்துக்குப் பிறகு டின் என்னிடம் வந்தது. மொத்தம் பதினான்கு. ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம்.

தங்கச்சி கேட்ட பிறகு அவற்றை ஒவ்வொன்றாகத் திருகு கழற்றி, சுத்தம் செய்து, கணினியில் ஏற்றினேன். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டேன். பாட்டைக் கேட்கவில்லை. பாட்டின் ஓரங்களைக் கேட்டேன். பொத்தான் அழுந்துவதற்கு முன், பின், சரணங்களுக்கு நடுவே. சாக்குக்கு அடியில் சேவல் கூவுகிறது. பெரியம்மா தும்முகிறார், தவறான நேரத்தில்தான். அப்பா தொண்டையைச் செருமுகிறார். ஓரிடத்தில் ஒரு சிறுவன், “நானூத்திப் பன்னெண்டு,” என்று கிசுகிசுக்கிறான். எல்லா இடத்திலும் கொட்டை விழுகிறது. இரைச்சல் நீக்கும் செயலி ஒன்று என்னிடம் இருக்கிறது. ஒரு பொத்தானைத் தட்டினால் கொட்டைகளெல்லாம் மறைந்து பாட்டு மட்டும் பளிச்சென்று நிற்கும். கை அந்தப் பக்கம் போகும். திரும்ப எடுத்துக்கொள்வேன்.

அம்மா இல்லை. ஓர் இருமல்கூட இல்லை. பதினான்காவது முடிந்து காதிலிருந்து அதைக் கழற்றியபோது மேல்மாடியில் யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். மின்தூக்கி திறந்து மூடியது. இந்தக் கட்டடத்தில் எவ்வளவோ பேர் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

தங்கச்சிக்குப் போன் செய்ய எனக்குச் சில நாள் பிடித்தது.

“இல்லம்மா. எல்லாத்தையும் கேட்டுட்டேன். அம்மா கொரலு எதுலயும் இல்ல.”

“ஓ,” என்றாள். பிறகு, “பரவால்லண்ணே. விடுங்க,” என்றாள். நன்றாகச் சாப்பிடுகிறீர்களா என்று கேட்டாள். அந்தக் குரலைக் கேட்ட பிறகு போனை அப்படியே வைக்க எனக்கு மனம் வரவில்லை.

“அம்மா பேரு மட்டும் ஒண்ணுல இருக்கு. ரேடியோவுல வாசிக்கிறாங்க. போடட்டா?”

போட்டேன். அறிவிப்பாளர் தோட்டத்தின் பெயரைச் சொன்னார். அம்மாவின் பெயரைச் சொன்னார். அதற்குமேல் பெயர்கள் வந்துகொண்டே இருந்தன. அவற்றுக்கு அடியில் தடதடவென்று ஒரு சத்தம். பிறகு கொட்டைகள் நொறுங்கும் சத்தம், தூரமாகப் போய்க்கொண்டே.

“அது யாருண்ணே ஓடுறது?”

“நான்தான்.”

“எங்க ஓடுறீங்க?”

“அம்மாவக் கூப்பிட. ஒன்னையத் தூக்கிக்கிட்டு தண்ணித் தொட்டிகிட்ட நின்னாங்க. நீ அழுவேன்னு, அப்பா பாட்டுப் பதியிறப்ப எல்லாம் ஒன்னைய வெளிய கொண்டு போயிடுவாங்க. அதாம்மா எதுலயும் இல்ல.”

“எல்லாப் பாட்டுக்குமா?”

“எல்லாப் பாட்டுக்கும். பதினாலு கேசட்டுக்கும்.”

பாட்டில் முதல் சரணம் தொடங்கியது.

“அப்ப ஒவ்வொரு பாட்டும் முடியிற வரைக்கும் அம்மா என்னையத் தூக்கி வச்சிருக்காங்க.”

“ஆமா.”

“நானும் அம்மாவும் மட்டும்.”

“ஆமாம்மா.”

“பேசியிருப்பாங்களா?”

“அம்மாவா? அவங்க எங்க வாய மூடுனாங்க?”

“எங்கிட்டயா?”

“ஒங்கிட்டதான். அங்க வேற யாரு இருந்தா?”

பதினான்கு மணி நேரமும் அம்மா இல்லை என்று நான் கூட்டி வைத்திருந்தேன். அதை இப்படியும் கூட்டலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பாட்டு இரண்டாவது சரணத்துக்குப் போயிருந்தது. நிறுத்தலாமா என்று பொத்தானைத் தேடினேன்.

“நிறுத்தாதீங்கண்ணே. ஓடட்டும். அடுத்ததும் போடுங்க.”

தகரத்தில் ஒரு கொட்டை விழுந்து உருண்டது. அவள் அங்கே மூக்கை உறிஞ்சுவது கேட்டது. நான் போனை ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் சாய்த்துவைத்தேன். அவளுக்குத் தெளிவாகக் கேட்க வேண்டுமே என்று, சத்தம் வராமல் நாற்காலியில் உட்கார்ந்து, மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன்.